மூன்று வாரம், எட்டு நிறுத்தம்: ரயிலில் இந்தியா சுற்றுவது எப்படி?

“லேத்தையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவன் பாரத தரிசனம் பற்றி எழுதுறானாம்” என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் கடைசிப் பரீட்சைக்கும், ஜூனில் சிப்காட் கேட்டுக்குள் நுழைவதற்கும் நடுவே நமக்கு ஒரு மாதம்தான் கிடைக்கும். என் அப்பா ஃபிட்டர். 22 வருஷமாக ஷிப்ட் பார்க்கிறார், பெங்களூருக்கு வடக்கே போனதில்லை. “லீவு கிடைக்கும்போது போலாம்னு இருந்தேன்டா” என்பார்.

இரண்டாம் வருஷமே நாங்கள் நாலு பேர் ஒரு தடவை கிளம்பினோம். 12 நாளில் 11 ஊர்! ஊருக்கு ஊர் தனி டிக்கெட். மூன்றாம் நாள் வண்டி 5 மணி நேரம் லேட். அடுத்த வண்டி போய்விட்டது. அதற்கடுத்த டிக்கெட்டுகளும் வரிசையாகப் பாழ். ஹைதராபாத்தோடு திரும்பினோம். வண்டி மேல் தப்பில்லை, ப்ளான் மேல்தான்.

இந்தத் தடவை விசாரித்ததில் ரயில்வேயின் சுற்றுப்பயண டிக்கெட் பற்றித் தெரிந்தது. கிளம்பிய ஸ்டேஷனுக்கே திரும்பி வரவேண்டும்; நடுவில் அதிகபட்சம் 8 இடத்தில் இறங்கித் தங்கலாம். ரயில் கட்டணம் தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்குக் குறையும். 500 கிலோமீட்டர் டிக்கெட் இரண்டைவிட 1,000 கிலோமீட்டர் டிக்கெட் ஒன்று மலிவு. சுற்றுப்பயண டிக்கெட்டில் மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நீண்ட பயணமாகக் கணக்குப் போடுகிறார்கள். நம் சுற்று 6,000 கிலோமீட்டருக்கு மேல், லாபத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. (வெள்ளைக்காரன் போட்ட சின்ன லைனையும் எப்போதோ தூக்கிவிட்டார்கள்!) அதனால் ஓசூர் வந்து, பஸ்ஸில் 40 கிலோமீட்டர் போய், பெங்களூரிலிருந்தே டிக்கெட் போடுகிறோம்.

எழுதிப் பார்த்தால் 9 ஊர் வந்தது: விசாகப்பட்டினம், ஹௌரா, டாடாநகர், வாரணாசி, ஆக்ரா, டெல்லி, ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை. ஒன்றை அடிக்க வேண்டும். இரண்டு ராத்திரி சண்டை. டாடாநகரை அடிக்கச் சொன்னவனிடம் நான் சொன்னது இதுதான்: 1943-ல் திறந்த ஹௌரா பாலத்தில் நட்டு, போல்ட்டு கிடையாது, எல்லாம் ரிவெட். அதில் உள்ள 26,500 டன் எஃகில் 23,000 டன் ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையில் செய்தது. பாலத்தைப் பார்த்துவிட்டு எஃகு பிறந்த ஊரைப் பார்க்காமல் வருவதா? விசாகப்பட்டினம் போனது. கடலை மும்பையில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் நாளைக் கணக்குப் போடும்போது அசைக்க முடியாததை முதலில் வையுங்கள். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லி ரயில் மியூசியத்துக்குத் திங்கட்கிழமை. மும்பையில் மழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் பிடிக்கும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். மே மாதம் ஆக்ராவிலும் ஜெய்ப்பூரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலை 11 மணிக்குள் ஊர் பார்ப்பது, மத்தியானம் வெயிட்டிங் ஹாலில் தூக்கம். டெல்லி பங்ளா சாஹிப் குருத்வாராவில் எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு உண்டு. 21 ராத்திரியில் 7 ராத்திரி வண்டியிலேயே போய்விடும். லாட்ஜ் செலவு மிச்சம்.

மிக முக்கியம்: இரண்டு நாளை ஒன்றும் எழுதாமல் வெறுமனே விடுங்கள். டெல்லிக்கு முன்னால் ஒன்று, மும்பைக்கு முன்னால் ஒன்று. வண்டி லேட்டானால் அந்த நாள் தாங்கிக்கொள்ளும். போன தடவை எங்களிடம் இல்லாதது அதுதான்.

சுற்றுப்பயண டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் பெர்த் கிடைத்துவிடாது. பெரிய ஸ்டேஷனில் பாதையை எழுதிக் கொடுத்து, அவர்கள் கணக்குப் போட்டதும் பணம் கட்டி டிக்கெட் வாங்கி, பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக ரிசர்வ் செய்யவேண்டும். அதற்குக் கட்டணம் தனி. 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் ரிசர்வேஷன் திறக்கிறது. அதனால் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுக்கிறோம்.

பட்டியலை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “அந்தப் பாலத்து ரிவெட்ட கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுடா” என்றார்.

நாலு பேரில் ஒருவன் பின்வாங்கிவிட்டான். ஒரு இடம் காலி. வருகிறவர்கள் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷத்தில் விசாரிக்கவும்.