சண்டையில் அடிபட்ட சேவலுக்கு



கொல்லையில் கோழி வளர்க்கும் வீட்டாருக்கு இக்காட்சி புதிதன்று. ஒரே அடையில் பொரித்து, ஒன்றாகவே இரை பொறுக்கித் திரிந்த இரண்டு சேவற்குஞ்சுகள் ஐந்தாறு மாதம் ஆனதும் ஒருநாள் காலையில் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிரெதிரே நிற்கின்றன. நாம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் ஒன்றின் கொண்டை கிழிந்துவிடுகிறது. கத்தி கட்டிப் பந்தயம் வைத்து மோதவிடும் சேவற்கட்டைப் பற்றி நான் எழுத வரவில்லை. பறவைகளையும் விலங்குகளையும் தூண்டிவிட்டுச் சண்டையிடச் செய்வது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நான் சொல்வது, யாரும் தூண்டாமலே நம் வீட்டுக் கொல்லையில் நடக்கும் சண்டை.

இது ஏன் நடக்கிறது? கோழிக் கூட்டத்தில் யார் முதலில் இரையெடுப்பது, யார் ஒதுங்கி நிற்பது என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரூப் எப்பே என்பவர் சிறுவனாக இருந்தபோதே தம் வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தாராம். வளர்ந்தபின் 1922இல் அதனை ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார். சேவல்களின் சண்டை இந்த வரிசையில் முதலிடம் பெறுவதற்கான சண்டை.

இதைத் தெரிந்துகொள்வது மருத்துவத்திற்கும் தேவை. ஏனெனில், தோற்ற சேவல் பெரும்பாலும் சண்டையில் சாவதில்லை. சண்டைக்குப் பிறகு சாகிறது. இரைக்கு வந்தால் துரத்தப்படுகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு வந்தாலும் துரத்தப்படுகிறது. வைக்கோற்போரின் பின்னால் ஒளிந்து நிற்கும் அதனை, “எங்கேயோ மேயப் போயிருக்கிறது” என்று நாம் விட்டுவிடுகிறோம். பெட்டைகள்கூட அதன் கொண்டையிலுள்ள சிவப்பைக் கண்டு வந்து கொத்தும். இரத்தத்தைக் கண்டால் கோழிகளுக்கு இரக்கம் வராது, ஆசைதான் வரும்.

ஆகவே முதல் வேலை, அடிபட்டதைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து அகற்றுவது. பழைய துண்டு ஒன்றால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, தலையையும் இலேசாக மூடினால் அடங்கிவிடும். ஆனால் மார்பை இறுக்கலாகாது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சே விட முடியும். அன்பு மிகுதியால் தம்பி தங்கைகள் கட்டிப்பிடித்தே மூச்சை நிறுத்திவிடுவார்கள், கவனம்!

கொண்டையிலும் தாடியிலும் இரத்தக் குழாய்கள் மிகுதி. 2 கிலோ எடையுள்ள சேவலின் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய 150 மில்லி லிட்டர்தான், அதாவது ஒரு காப்பித் தம்ளர் அளவு. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நொடிக்கொருதரம் எடுத்துப் பார்த்தால் நிற்காது. எங்கள் அம்மாச்சி அடுப்புச் சாம்பலை அப்புவார்கள். இரத்தம் நிற்கும் என்பது மெய்யே. ஆனால் சாம்பலோடு அழுக்கும் உள்ளே போய்விடுகிறது. அதற்கு மஞ்சள் தூள் மேலானது.

பிறகு காயத்தைக் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொதிக்க வைத்து ஆறவைத்த நீரே போதும். அதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் மருந்தைச் சிறிது நீர் கலந்து தடவலாம். கண்ணில் படக் கூடாது. எண்ணெயும் களிம்பும் இறகெல்லாம் ஒட்டும்படி பூச வேண்டாம். வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் மனிதர்களுக்கான களிம்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றிலுள்ள மருந்து சிறு அளவிலேயே பறவைக்கு நஞ்சாகலாம். மயங்கிக் கிடக்கும் சேவலின் வாயில் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தால் தானே விழுங்கும்.

மூன்றாம் நாள் ஒரு பெரிய அச்சம் காத்திருக்கிறது. இறகை விலக்கிப் பார்த்தால் தோல் பச்சைப் பசேலென்று இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், “அழுகிவிட்டது” என்று சொல்லி அன்றே குழம்பு வைத்துவிட்டார்கள். உண்மையில் அது அழுகல் அன்று. நமக்கு அடிபட்டால் கன்றிப்போகிறதல்லவா, அதுபோன்றதே. தோலடியில் உறைந்த இரத்தம் சிதையும்போது முதலில் பச்சைப் பொருளாகிறது. நம் உடலில் அது மேலும் மாறி மஞ்சளாகும். கோழியின் உடலில் பச்சையோடு நின்றுவிடும். கறுத்து, குளிர்ந்து, நாற்றம் வீசினால்தான் அழுகல்.

சீழும் நமக்கு வருவதுபோல் வழியாது. தயிர்க்கட்டி போலக் கெட்டியாக உள்ளேயே தங்கும். ஆகவே, “ஒன்றும் வடியவில்லையே” என்று நிம்மதி அடைய முடியாது. கட்டியாகத் தட்டுப்பட்டால் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு போவதே வழி. கண் வீங்கி மூடிக்கொண்டாலும், கால் ஊன்ற முடியாவிட்டாலும், வயிற்றில் கால்முள் ஆழப் பாய்ந்திருந்தாலும் அப்படியே. ஈக்களையும் மறக்கக் கூடாது. வெயிற்காலத்தில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும். நாள்தோறும் காலையும் மாலையும் இறகை விலக்கிப் பாருங்கள்.

தனியே வைத்த சேவல் உண்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மாலையில் கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நிறைந்து உருண்டிருக்க வேண்டும். நனைத்த கம்பு, குருணைச் சோறு, அவித்த முட்டை ஆகியவற்றை விரும்பித் தின்னும். ஒரு கண் மூடியிருந்தால் நல்ல கண் இருக்கும் பக்கத்தில் வையுங்கள்.

காயம் காய்ந்து கறுத்துப் பொருக்குத் தட்டியதும் வேறு ஒரு சிக்கல். நீண்ட நாள் தனியே இருந்துவிட்டுத் திரும்பும் சேவலைக் கூட்டம் அந்நியனாகவே நடத்தும். சண்டை முதலிலிருந்து தொடங்கும். இங்கேதான் அம்மாச்சியின் வழக்கத்தை மெச்ச வேண்டும். இரத்தச் சிவப்பு மறைந்தவுடன் அவர்கள் சேவலைக் கொல்லையின் நடுவிலேயே பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வைப்பார்கள். மற்றவை பார்க்கும், கொத்த முடியாது. ஒரு வாரம் அப்படி இருந்தபின், ஓர் இரவு எல்லாம் அடைந்தபிறகு உள்ளே விடுவார்கள். அதன்பின் தீனியை இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். ஒரே தட்டென்றால் பழையபடி பட்டினிதான். ஒளிய ஒரு சாய்த்த பலகையும் தேவை. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்பது பொதுவான கணக்கு. நான்கு பெட்டைகளுக்கு இரண்டு சேவல்களை வைத்துக்கொண்டு அமைதியை எதிர்பார்க்க இயலாது. ஒன்றை உறவினர் வீட்டுக்கு அனுப்புவது நல்லது.

தேறிய சேவல் முன்போல் விடியலில் முதலில் கூவவில்லை என்று வருந்துவோரும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதலிடத்துச் சேவல்தான் முதலில் கூவும். மற்றவை அதற்குப் பின் தத்தம் வரிசைப்படி கூவும். எனவே உங்கள் சேவல் இரண்டாவதாகக் கூவினால் அதற்கு நோய் ஒன்றும் இல்லை.