சைக்காலஜியா, ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டா? சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பல வீடுகளில் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும்.

"அம்மா, நான் சைக்காலஜி எடுக்கப்போறேன்" என்பாள் மகள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல என்னன்னு சொல்றது?" என்று பதறுவார் பாட்டி. மாவட்ட அளவில் கபடி ஆடிய மகனோ, "எனக்கு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்தான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நிற்பான். "விளையாட்டு சோறு போடுமாடா?" - இது அப்பா.

பிள்ளைகளின் ஆசையும் தப்பில்லை, பெரியவர்களின் பயமும் தப்பில்லை. மூன்று வருடப் படிப்பும், கஷ்டப்பட்டுச் சேர்த்த ஃபீஸ் பணமும் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே!

மனதைப் படிக்கும் படிப்பா?

சைக்காலஜி படித்தால் எதிரில் இருப்பவர் மனதில் ஓடுவது தெரிந்துவிடும் என்று நினைத்துச் சேர்பவர்கள் உண்டு. முதல் செமஸ்டரிலேயே அந்த நினைப்பு கலைந்துவிடும். குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மனம் வளரும் விதம், மூளையும் நரம்புகளும் வேலை செய்யும் முறை, நினைவாற்றல், சமூக உளவியல், மனநலக் கோளாறுகள் என்று பாடங்கள் விரியும். கூடவே புள்ளியியலும் வரும். 'கணக்கு வேண்டாம் என்றுதானே இங்கே வந்தேன்' என்று பலர் திகைக்கும் இடம் இது. ஆனால், ஆய்வகமும் புள்ளியியலும் இல்லாமல் உளவியல் இல்லை. 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியதிலிருந்துதான் இது தனி அறிவியலாக நடைபோட ஆரம்பித்தது.

சென்னை மாநிலக் கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி உள்ளிட்ட பல கல்லூரிகளில் இளநிலை உளவியல் இருக்கிறது. அறிவியல் குரூப் படிக்காதவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன.

டிகிரி முடித்ததும் போர்டு மாட்டலாமா?

மாட்டக் கூடாது. பெற்றோரும் பிள்ளைகளும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு மனநல மருத்துவம் படித்த டாக்டர். மருந்து எழுதித் தரும் உரிமை அவருக்கு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியிலான சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் செய்பவர். அவர் உரிய மேற்படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஏற்பாடு இது. வெறும் பி.எஸ்சி. சைக்காலஜியை வைத்துக்கொண்டு இந்தப் பெயரில் சிகிச்சை தர முடியாது.

அப்படியானால் பி.எஸ்சி. வீணா? இல்லவே இல்லை. அது முதல் படி. மேலே படித்தால் பள்ளி ஆலோசகர், மருத்துவ உளவியல், ஆராய்ச்சி எனப் பல பாதைகள் திறக்கும். அங்கேயே நிறுத்திக்கொள்பவர்களும் மனிதவளத் துறை, விளம்பரம், தொண்டு நிறுவனங்கள் என்று வேலை தேடலாம். ஆக, மொத்தம் ஐந்து வருடமாவது படிக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு இறங்குவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. 'வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி' என்று விளம்பரம் வந்தால் உஷார்! 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது.

மைதானத்துக்கு வெளியே ஒரு டீம்

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் என்றால் விளையாடக் கற்றுத்தரும் படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு உடற்கல்விப் படிப்புகள் தனியாக இருக்கின்றன. இது நிர்வாகப் படிப்பு. கணக்கியல், மார்க்கெட்டிங், ஒப்பந்தச் சட்டம், ஸ்பான்சர் பிடிப்பது, மைதானப் பராமரிப்பு, போட்டி நடத்துவது ஆகியவைதான் பாடம். அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகம் 1966-லேயே இதை முதுநிலைப் படிப்பாகத் தொடங்கிவிட்டது.

நம் ஊரில் இதற்கு வேலை எங்கே? 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, நினைவிருக்கிறதா? அத்தனை நாட்டு வீரர்களுக்கும் விசா, விமான நிலைய வரவேற்பு, தங்குமிடம், சாப்பாடு, பஸ், பாதுகாப்பு என்று திரைக்குப் பின்னால் எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்! ஐ.பி.எல்., புரோ கபடி, டி.என்.பி.எல். என்று ஒவ்வொரு தொடருக்குப் பின்னாலும் இப்படி ஒரு படை இருக்கிறது.

ஆனால், இந்த வேலைகளில் பல, சீசன் வேலைகள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. மேட்ச் நாளில் நள்ளிரவு வரை நிற்க வேண்டியிருக்கும். 'தோனியோடு செல்ஃபி' கனவில் மட்டும் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

இரண்டும் கைகோக்கும் இடம்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார். பன்னிரண்டாவது ஆட்டத்திலும் தோற்றார். இருந்தும் நிதானம் இழக்காமல் கடைசி ஆட்டத்தில் வென்றார். அவரது அணியில் மனப்பயிற்சியாளராக இருந்தவர் பேடி அப்டன். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் இருந்தவர் அவர்தான். விளையாட்டும் மனமும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

சைக்காலஜி படித்துவிட்டு முதுநிலையில் விளையாட்டு உளவியல் பக்கம் போகும் வாய்ப்பும் இருக்கிறது.

சேரும் முன் கேளுங்கள்

* கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? இந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா?
* உளவியல் ஆய்வகம் இருக்கிறதா? அதை நேரில் பார்க்க முடியுமா?
* பாடம் நடத்துபவர்கள் அந்தத் துறையிலேயே படித்தவர்களா?
* இன்டர்ன்ஷிப் எங்கே? கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா?
* போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது பேச முடியுமா?

கடைசிக் கேள்விக்கு மழுப்பினால், அட்மிஷன் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, பாட்டிக்கு என்ன பதில்? "காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட போறோம்ல பாட்டி, மனசு சோர்ந்தா போகவும் ஒருத்தர் வேணும்ல?" என்று பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அப்பாவுக்கு? வரும் லீவில் ஊர்க் கபடிப் போட்டியின் வரவுசெலவை மகன் கையில் கொடுத்துப் பாருங்கள். கடைசியில் கணக்கு சரியாக இருந்தால், தைரியமாக ஃபீஸ் கட்டலாம்!