எல்லைக் கோடும் ஜனநாயகமும்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வாழும் குடியானவர் இன்று திருவள்ளூர்த் தொகுதியின் வாக்காளர். அத்தொகுதியின் சரித்திரம் தேசபக்தர் யாவரும் சிந்திக்கத் தக்கது.

1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் திருவள்ளூர் ஜனங்கள் காங்கிரஸ் அபேட்சகரான ஸ்ரீமதி மரகதம் சந்திரசேகரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1955 ஜனவரியில் அண்மையிலுள்ள ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம மாதிரியான சமுதாயமே இலட்சியமெனத் தீர்மானித்தது. ஆனால் 1967ஆம் வருஷத் தேர்தலில் திருவள்ளூர் என்ற தொகுதியே இல்லை! ஜனத்தொகையை முன்னிட்டு நமது ராஜ்யத்தின் ஸ்தானங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்ததும் அத்தேர்தலிலேதான்.

மறைந்த பெயர் 42 ஆண்டுகளுக்குப் பின், 2009இல், தனித் தொகுதியாக மீண்டது. அவ்வாண்டிலும் 2014இலும் அண்ணா தி.மு.க.வின் ஸ்ரீ வேணுகோபாலும், 2019இல் காங்கிரஸின் ஸ்ரீ ஜெயக்குமாரும் வென்றனர். 2024இல் அதே கட்சியின் ஸ்ரீ சசிகாந்த் செந்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார்.

கட்சிகளின் ஜயாபஜயமே தேர்தல் சரித்திரமென்று கருதுவோருடன் நாம் உடன்படோம். பிடிக்காத பிரதிநிதியை அடுத்த தேர்தலில் விலக்கலாம். பிசகாக வகுத்த எல்லையோ ஒரு தலைமுறை நீடிக்கும். எல்லை வகுக்கும் கமிஷனின் முடிவான உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக அரசியல் சட்டத்தின் 329ஆவது விதி சாதாரணமாக இடந்தருவதில்லை. ஆட்சேபங்களுக்குக் காலம், கமிஷன் தன் நகலைப் பிரசுரித்துப் பகிரங்க விசாரணை நடத்தும் சமயமே. அன்று வெறுங்கூச்சல் பயன்படாது. கிராம வரைபடமும் ஜனக்கணக்கும் கையிற்கொண்டு ஊழியர்கள் சபை முன் நிற்க வேண்டும். அதற்கான வேலையை இப்போதே தொடங்குவதுதான் விவேகம்.