பல்க்கா, கட்டா, ரெண்டும் ஒண்ணாவா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ப்ரோ, முதல்ல வெயிட் ஏத்தி தசை வளர்த்துட்டு அப்புறம் கொழுப்பைக் குறைக்கணுமா? ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியாதா?" இதுல தப்பான வழியில போய் எட்டு மாசம் வீணாக்கினவன் நான். அதனால என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூணு வருஷம் முன்னாடி நான் 68 கிலோ. கை குச்சி மாதிரி, சட்டைக்குள்ள சின்னதா தொப்பை. ஜிம்ல சேர்ந்ததும், "நீ ஒல்லி, நல்லா சாப்பிட்டு வெயிட் போடு, கொழுப்பை அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொன்னாங்க. சாப்பிட்டேன். எட்டு மாசத்துல 79 கிலோ. பென்ச் பிரஸ்ல எடை கூடுச்சு, அதுல சந்தோஷம்தான். ஆனா இடுப்பு 86 சென்டிமீட்டரிலிருந்து 97 ஆச்சு. ஆபீஸ் செக்கப்பில் ஹெச்பிஏ1சி 5.9, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்பாவுக்கு 41 வயசுலயே சர்க்கரை வந்துடுச்சு. எனக்கு அப்போ 26. ரிப்போர்ட்டை வீட்ல காட்டவே இல்ல.

தப்பு எங்கே? "ஒல்லி"ங்கிற வார்த்தையில. 2004-ல் லான்செட் இதழில் ரெண்டு ஆராய்ச்சியாளர்களோட படம் ஒண்ணு வந்தது. ஒருத்தர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், இன்னொருத்தர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான். ஆனா உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்ம ஆளுங்க பலருக்கும் இதே நிலைமைதான். வெளியில ஒல்லி, உள்ளே கொழுப்பு.

சரி, ரெண்டையும் ஒண்ணா செய்ய உடம்பு ஒத்துக்குமா? தசை வேற, கொழுப்பு வேற. ஒண்ணு இன்னொண்ணா மாறாது. இப்படி யோசிங்க: வீடு கட்டப் பணம் வேணும், செங்கல்லும் வேணும். கொழுப்புங்கிறது பேங்க்ல போட்டு வச்ச பணம். கூலியை அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். ஆனா செங்கல், அதாவது புரதம், தினமும் தட்டுல வந்தே ஆகணும். வெயிட் தூக்குறதுதான் "கட்டு"ங்கிற உத்தரவு.

இதை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதிச்சாங்க. 2016-ல் முடிவு வெளியாச்சு. உடல் எடை கூடின 40 இளைஞர்கள், 4 வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி, வாரம் 6 நாள் கடுமையான பயிற்சி. கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவங்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைஞ்சது, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடுச்சு. 1.2 கிராம் சாப்பிட்டவங்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைஞ்சது, தசை கூடல. ஆனா கரையவும் இல்ல.

ஆனா இது எல்லாருக்கும் பொருந்தாது. ஜிம்முக்குப் புதுசா வர்றவங்க, தொப்பை இருக்கிறவங்க, ரொம்ப நாள் விட்டுட்டுத் திரும்பி வர்றவங்க, இவங்களுக்கு ஒண்ணா செய்றது நல்லா வேலை செய்யும். வருஷக்கணக்கா தூக்கி, ஏற்கனவே கொழுப்பு குறைவா இருக்கிறவங்களுக்கு பேங்க்ல பணம் கம்மி. அவங்க கொஞ்சம் கூடுதலா சாப்பிட்டு வளர்த்து, அப்புறம் குறைக்கிறதுதான் சரி.

நான் அப்புறம் என்ன செஞ்சேன்? தினமும் சுமார் 300 கலோரி குறைச்சேன். பெரும்பாலும் ராத்திரி பரோட்டாவும், டீயோட வர்ற பிஸ்கட்டும். முட்டை, சிக்கன், சோயா, சுண்டல்னு புரதத்தை 130 கிராமுக்கு ஏத்தினேன். வாரம் மூணு நாள் வெயிட். நடுவுல ஆறு வாரம் எடை மெஷின் நகரவே இல்ல, விட்டுடலாம்னு தோணுச்சு. ஆனா இன்ச் டேப் 2 சென்டிமீட்டர் குறைச்சுக் காட்டுச்சு. பத்து மாசத்துல 73 கிலோ, இடுப்பு 85, ஹெச்பிஏ1சி 5.5. அந்த ரிப்போர்ட்டை அப்பாகிட்ட காட்டினேன். பழசையும் சேர்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கை: சிறுநீரகப் பிரச்சினையோ, சர்க்கரைக்கு மாத்திரையோ இருந்தா டாக்டரைக் கேட்காம சாப்பாட்டை மாத்தாதீங்க.

இன்னிக்கு ஒரு வேலை செய்யுங்க. எடை பார்க்கிறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து இடுப்பை அளங்க. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டியிருந்தா, யார் என்ன சொன்னாலும் பல்க் பக்கம் போகாதீங்க. அடுத்த எபிசோடில் தூக்கம் பத்திப் பேசுவோம்.