நீர் நின்றால் ஏரியாகுமா?

கொசஸ்தலை: பூண்டி முதல் எண்ணூர் வரை – 7

சென்ற வாரம் பூண்டிக் கரையில் இருந்தோம். சென்னையின் தாகத்துக்காக 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகர் அது. அங்கிருந்து கொசஸ்தலை ஆற்றோடு கிழக்கே இறங்கினால், கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வள்ளூர் வருகிறது. மனிதர் உண்டாக்கிய நீர்நிலைகளில் இரண்டை இந்த வட்டாரத்தில் பார்ப்போம். ஒன்று, வள்ளூர் அணைக்கட்டு தேக்கி வைக்கும் ஆற்று நீர். மற்றொன்று, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம். வரைபடத்தில் இரண்டும் நீர்ப்பரப்புதான். அவற்றில் எவை வாழ்கின்றன என்று பார்த்தால்தான் வேறுபாடு புரியும்.

அணைக்கட்டுக்கு மேற்கே ஆற்று நீர். கிழக்கே எண்ணூர் முகத்துவாரத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஏறி வடியும் உவர்நீர். 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னைக்காக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே நுழைந்துவிட்டது. கிணறுகள் உப்பாயின, நெல் விளைந்த வயல்கள் வீணாயின. அதனால் இங்கே தேங்கும் ஒவ்வொரு அடி நன்னீரும் மண்ணுக்குள் இறங்கி உப்பை எதிர்த்து நிற்கிறது.

ஆனால் தேங்கும் நீரின் நலத்தைக் கன அடியில் அளந்துவிட முடியாது. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி என்பதைச் சென்னைவாசிகள் பலரும் சொல்வார்கள். அங்கே எத்தனை வகை மீன் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. நீர்நிலையின் உயிர் பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. மழையில் மூழ்கி, கோடையில் காயும் அந்த ஆழமற்ற சேற்றில்தான் கோரை முளைக்கிறது, நத்தை பெருகுகிறது, தட்டானின் இளம்புழு வளர்கிறது. கணுக்கால் நீரில் நெடுங்கால் உள்ளான் இரை தேடும். நத்தை இருந்தால் நத்தைகுத்தி நாரை வரும். முங்கி மீன் பிடிக்க ஆழம் இருந்தால் நீர்க்காகம் வரும். இவற்றில் ஒரு பறவை தொடர்ந்து சில ஆண்டுகள் வராமல் போனால், அதன் இரைக்கோ இடத்துக்கோ ஏதோ நேர்ந்திருக்கலாம் என்று தேட வேண்டும். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கான்கிரீட் பூசும்போது இந்த ஓரம் முழுவதையும் இழக்கிறோம்.

மனிதர் கட்டியது என்பது குறையல்ல. வேடந்தாங்கலும் பாசனத்துக்காக வெட்டிய ஏரிதான். கொக்கும் நாரையும் எச்சமிட்ட நீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்மக்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே ஆட்சியரிடம் எழுத்துபூர்வமாக உரிமை பெற்றார்கள். 2022-இல் அந்த ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஏரி தன் ஊரோடும் வயலோடும் பறவையோடும் உறவு அறுபடாமல் இருந்ததுதான் காரணம்.

அந்த உறவை அணைக்கட்டும் ஓரளவு அறுக்கத்தான் செய்கிறது. விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். நன்னீரில் வாழும் ஆற்று இறாலின் குஞ்சுகளுக்கோ உவர்நீர் வேண்டும். ஆற்றின் குறுக்கே எழும் எந்தச் சுவரும் இவற்றின் வழியை மறிக்கிறது. வெள்ளம் மேலே வழிந்தோடும் நாட்களே அவற்றுக்குக் கதவு திறக்கும் நாட்கள். இனி எந்தத் தடுப்பணை கட்டினாலும் மீன் ஏற வழி விட்டுக் கட்ட வேண்டும்.

சாம்பல் குளத்தில் எந்த உறவும் இல்லை. வள்ளூர் மின் நிலையம், தேசிய அனல்மின் கழகமும் தமிழக மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் 1,500 மெகாவாட் நிலையம். இந்திய நிலக்கரியில் ஒரு கிலோ எரித்தால் 300 முதல் 400 கிராம் வரை சாம்பல் மிஞ்சும். அதை நீரில் கரைத்துக் குழாய் வழியே கொண்டுவந்து, ஆற்றங்கழியின் சதுப்பில் கரை எழுப்பிக் கொட்டுகிறார்கள். பொடிச் சாம்பல் படிந்து இறுகினால் புழு துளைக்க முடியாது. புழு இல்லாத தரையில் இறாலுக்கும் உள்ளானுக்கும் இரை ஏது? ஆர்செனிக், ஈயம், பாதரசம் ஆகியவையும் அந்தச் சாம்பலில் உண்டு. பக்கத்து வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஆற்றில் படிந்ததை எதிர்த்து எண்ணூர் மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடினார்கள். ஆற்றை மீட்கும்படி 2022-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, உருவாகும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது. தேங்கிக் கிடக்கும் பழைய சாம்பலுக்கும் கெடு வைத்திருக்கிறது. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அந்தச் சாம்பல் போகட்டும். காலியாகும் இடத்தை இன்னொரு கிடங்காக்காமல், அலையேற்றம் உள்ளே வரும்படி கரையைத் திறந்து கழியிடமே ஒப்படைக்க வேண்டும். அணைக்கட்டில் ஆண்டுதோறும் மழை ஓய்ந்த தை மாதத்தில் பறவை, மீன், நத்தை, தட்டான் அனைத்தையும் கணக்கெடுத்து, நீர்மட்டத்தோடு சேர்த்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். இந்த ஆற்றில் பிழைப்பவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் முன்வரிசையில் இருக்க வேண்டும். மின்சாரம் சென்னை முழுவதற்கும் போகிறது. சாம்பலை மட்டும் வள்ளூர் சுமப்பது நியாயமே இல்லை.

(அடுத்த வாரம்: எண்ணூர் ஆற்றின் அடித்தரையை மூடிய காக்கா ஆழி)