புல் வெட்டும் இயந்திரம்: கண்களையும் கைகால்களையும் காப்பது எப்படி?

மண்டகப்பட்டு, செஞ்சி வட்டாரத்து நிலம் பாறையும் சரளைக் கல்லும் நிறைந்தது. மழைக்குப் பின் வரப்பிலும் வீட்டைச் சுற்றியும் மண்டும் புல்லை அகற்ற, பிரஷ் கட்டர் எனப்படும், தோளில் மாட்டி இயக்கும் இயந்திரம் பயன்படுகிறது. அதன் சுழலும் தகடு கல்லில் பட்டால், கல் மிகுந்த வேகத்துடன் தெறிக்கும். அருகில் நிற்பவர்களும் காயமடையலாம்.

வேலைக்கு முன்

• கல், கம்பி, கண்ணாடித் துண்டுகளை அகற்றவும். நீண்ட கழியால் புதரைத் தட்டிப் பாம்பு உள்ளதா எனப் பார்க்கவும்.
• பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கால் சட்டை, கணுக்கால் வரை மூடும் காலணி, கையுறை, காது அடைப்பான் அணியவும். வெயில் கண்ணாடி போதாது.
• குழந்தைகளும் மற்றவர்களும் 15 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.
• தகட்டின் மேல் உள்ள காப்பு மூடியைக் கழற்றக் கூடாது.

வேலையின்போது

தகட்டில் புல் சிக்கினால், இயந்திரத்தை நிறுத்தி, தகடு முழுமையாக நின்ற பிறகே எடுக்கவும். இயந்திரம் ஆறிய பின்னரே பெட்ரோல் ஊற்றவும்.

கண்ணில் அடிபட்டால்

கண்ணைக் கசக்க வேண்டாம். தூசி மட்டும் விழுந்திருந்தால் தூய நீரால் கழுவவும். ஏதேனும் குத்தியிருந்தால் கழுவவோ பிடுங்கவோ கூடாது. கண்ணை அழுத்தாதவாறு காகிதக் குவளையால் மூடி உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

புல்லின் சிறு துணுக்கு உண்டாக்கும் கீறலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அதன் வழியே பூஞ்சை நுழைந்து கருவிழியில் புண் ஏற்படலாம், பார்வையே பறிபோகலாம். தாய்ப்பால், பச்சிலைச் சாறு, விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விட வேண்டாம். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சைப் புண் மேலும் பரவும். வலி, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே கண் மருத்துவரை அணுகவும்.

வெட்டுக்காயம் ஏற்பட்டால்

தூய துணியால் காயத்தை விடாமல் அழுத்திப் பிடிக்கவும். விரல் துண்டானால், அதை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து உடன் எடுத்துச் செல்லவும். பனிக்கட்டி விரலில் நேரடியாகப் படக்கூடாது. தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேட்கவும்.

அவசர உதவிக்கு 108-ஐ அழைக்கவும். செஞ்சி அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சை பெறலாம். உயர் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.