குழந்தைக்குச் செப்சிஸா? ரத்தத்தில் தெரியும் தடயம்

கிருமித்தொற்றை எதிர்க்கும் உடலே நிலைதடுமாறி, உறுப்புகள் செயலிழப்பதுதான் செப்சிஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள குழந்தைக்கு வந்திருப்பது செப்சிஸா, வேறு அழற்சியா என்பதை அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தச் சோதனைக்கு ஓரிரு நாள் ஆகும். ஆனால், செப்சிஸ் அதிர்ச்சி நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரவேண்டும் என்கிறது 2020ல் வெளியான அனைத்துலக வழிகாட்டி. அதனால், உறுதியாகத் தெரியுமுன்பே மருந்து ஏற்றப்படுகிறது.

இந்த இடைவெளியைக் குறைக்க முயல்கிறது வளர்சிதை மாற்ற ஆய்வு. நோயின்போது உடல் சர்க்கரை, கொழுப்பு, அமினோ அமிலங்களைப் பயன்படுத்தும் விதம் மாறுகிறது. அந்த மாற்றம் ரத்தத்தில் பதிகிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் சிறுவர்களின் ரத்தத்தில் இத்தடயங்களைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

இம்முறை இன்னும் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. காய்ச்சலில் குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, கைகால் சில்லிட்டாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ பெற்றோர் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.